ஓடும் காரை அணைத்த ஸ்பிரிங்: ஒரு இக்னிஷன் சுவிட்சின் வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடுமாற்றங்களும் திரும்பச் சொன்ன இடங்களும் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்குக் கதை அமெரிக்காவுல நடக்குது. ஆனா எனக்கு இந்த விஷயத்துல ஆர்வம் வந்த இடம் ஜிஎஸ்டி ரோடு. அதைச் சொல்லிட்டுப் போயிடறேன்.

எங்க அப்பாவோட பழைய கார் ஒரு மே மாசம் முழுக்க எங்களை அலைக்கழிச்சது. தாம்பரம் தாண்டிப் போயிட்டிருக்கும்போது டக்குனு நின்னுடும். ஓரமா தள்ளிவிட்டு, பானெட்டைத் திறந்து வெச்சுட்டு, ஒரு டீ குடிச்சுட்டு வந்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனா அங்க நாள் முழுக்க ஜம்முனு ஓடும். ஃபியூல் பம்ப்பை மாத்தினாங்க. ஃபில்டரை மாத்தினாங்க. பில் ஏறிச்சே தவிர வண்டி நிக்கறது நிக்கலை. கடைசியா பல்லாவரத்துல ஒரு வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போனோம். அவர் வண்டியைத் தொடக்கூட இல்லை. "தம்பி, நிக்கும்போது திக்கித் திக்கி நின்னுச்சா, இல்ல சுவிட்சை ஆஃப் பண்ண மாதிரி டக்குனு நின்னுச்சா?" அப்படின்னு கேட்டார். டக்குனுதான் அண்ணே, அப்படின்னேன். "டக்குனு நின்னா கரண்ட்டு. திக்கி நின்னா பெட்ரோல். இனிமே சூடா இருக்கும்போதே கொண்டு வா, ஆறினப்புறம் கொண்டு வராதே." கிராங்க் சென்சார்தான் காரணம். சூடானா சிக்னல் போயிடும், ஆறினா வந்துடும்.

அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியை நான் மறக்கவே இல்லை. இன்னைக்குச் சொல்லப்போற கதையில அந்தக் கேள்வியை யாராவது சரியான நேரத்துல கேட்டிருந்தா ஒரு உயிராவது மிஞ்சியிருக்கும்னு எனக்குத் தோணுது. அதனாலதான் இந்த எபிசோட்.

மின்கோளாறால் வண்டி நிற்பது ஒன்றும் புதிய விஷயமில்லை. பெட்ரோல் எஞ்சினுக்குள் தீப்பொறி வேண்டும், தீப்பொறிக்குக் கரண்ட் வேண்டும், அந்தக் கரண்ட் ஒரு சுவிட்சைத் தாண்டித்தான் வர வேண்டும். சார்லஸ் கெட்டரிங் 1909-ல் தொடங்கிய டெல்கோ நிறுவனம்தான் நமக்குத் தெரிந்த பேட்டரி இக்னிஷனைக் காடிலாக் கார்களுக்குக் கொடுத்தது. கையால் சுழற்றாமல் மின்சாரத்தால் ஸ்டார்ட் ஆகும் காடிலாக் 1912-ல் வந்தது. சாவியைத் திருப்பினாலே ஸ்டார்ட் ஆகும் ஏற்பாட்டைக் கிரைஸ்லர் 1949-ல் கொண்டு வந்தது. அப்புறம் 1969 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தச் சாவித் துவாரத்தை டாஷ்போர்டிலிருந்து எடுத்து ஸ்டீயரிங் தண்டுக்குப் பக்கத்தில் வைத்தது. திருடன் ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியாமல் பூட்டுவதற்காக. இந்த இடமாற்றத்தை மட்டும் ஞாபகத்துல வெச்சுக்கோங்க. சாவி இப்போ ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே தொங்குது.

இடையில ஒரு சின்ன ஃபோர்டு கதை. 1980-களில் ஃபோர்டு தன் இக்னிஷன் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டர் மேலேயே பொருத்தியது. தீப்பொறி எப்போது வர வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் சின்ன எலக்ட்ரானிக் பெட்டி அது. டிஸ்ட்ரிபியூட்டர் இருப்பது எஞ்சினை ஒட்டி. அந்தச் சூட்டில் மாட்யூல் செத்துப்போகும், ஆறினால் உயிர் வரும். எங்க அப்பா கார் மாதிரியே. ஒர்க்‌ஷாப்புக்குள் வரும்போது எல்லாம் சரியாக இருக்கும். அரசு அமைப்பு பலமுறை விசாரித்தும் காரணத்தைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் 2000-ல் கலிஃபோர்னியாவின் அலமீடா கவுன்ட்டி நீதிபதி மைக்கேல் பாலச்சி, அந்த மாநிலத்தில் மட்டும் ஏறக்குறைய 17 லட்சம் கார்களைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிட்டார். அமெரிக்காவில் ஒரு நீதிபதி கார்களைத் திரும்பப் பெறச் சொன்னது அதுதான் முதல் முறை. அடுத்த வருஷமே வழக்கு சமரசத்தில் முடிந்தது.

அங்கே கேட்கப்பட்ட கேள்வி, 'கார் நடுரோட்டில் நின்றுபோவது பாதுகாப்புப் பிரச்சினையா, வெறும் தொந்தரவா?' இதே கேள்விக்கு அடுத்த நிறுவனம் தப்பான விடையை எழுதிக்கொண்டது.

2001 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் சிறிய கார்களுக்கு ஒரு புது இக்னிஷன் சுவிட்சை வடிவமைத்துக்கொண்டிருந்தது. செய்து கொடுத்தது டெல்ஃபை. அது 1999 வரைக்கும் ஜெனரல் மோட்டார்ஸின் சொந்த உதிரிபாகப் பிரிவாக இருந்து தனியாகப் பிரிந்த நிறுவனம். சுவிட்சுக்குப் பொறுப்பான வடிவமைப்புப் பொறியாளர் ரே டிஜார்ஜியோ.

சுவிட்சுக்குள் என்ன இருக்கும்? நான்கு நிலைகள். ஆஃப், அக்சஸரி, ரன், கிராங்க். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குச் சாவியைத் திருப்பும்போது 'கிளிக்'னு ஒரு தடை தெரியுமில்லையா, அதைத் தருவது ஒரு குட்டி ஸ்பிரிங்கும் அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு முளையும். முளை பள்ளத்தில் போய் உட்காரும். ஸ்பிரிங் அதை அழுத்திப் பிடிக்கும். அவ்வளவுதான் சமாச்சாரம். அந்தப் பிடிப்பு 20 நியூட்டன் சென்டிமீட்டர் இருக்க வேண்டும், 5 கூடலாம் குறையலாம் என்று விவரக்குறிப்பில் எழுதியிருந்தார்கள். தயாராகி வந்த சுவிட்சுகளில் இருந்தது 4 முதல் 10 வரை. அதாவது குறைந்தபட்சம் தேவையான 15-க்குப் பக்கத்தில்கூட இல்லை. சோதனை முடிவுகளிலேயே அது பதிவாகியிருந்தது. ஆனால் அந்தச் சுவிட்சுக்கு மின்சாரப் பக்கத்தில் வேறு தலைவலிகள் ஏகப்பட்டது இருந்தன. எல்லார் கவனமும் அங்கே. டிஜார்ஜியோ ஒரு மின்னஞ்சலில் அதை 'நரகத்திலிருந்து வந்த சுவிட்ச்' என்றே குறிப்பிட்டிருக்கிறார். 2002 மே மாதம் சுவிட்ச் ஒப்புதல் பெற்றுவிட்டது. ஒரு ரிலீஸை எப்படியாவது தள்ளிவிட்டால் போதும் என்று வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அந்த மனநிலை புரியும். புரியுதுங்கறதுக்காக அது சரியாயிடாது.

முதலில் சாட்டர்ன் அயன் கார்களில் வந்தது, பிறகு 2004 கடைசியில் வந்த செவர்லே கோபால்ட்டில். கோபால்ட்டில் சாவித் துவாரம் ஸ்டீயரிங் தண்டின் பக்கத்தில் தாழ்வாக இருந்தது. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் இடித்தாலோ, ஒரு குழியில் வண்டி குதித்தாலோ, சாவி தானாக ரன்னிலிருந்து அக்சஸரிக்குத் திரும்பிவிடும். வண்டி அறிமுகத்தின்போதே நிறுவனத்தின் சொந்தப் பொறியாளர் ஒருவர் முழங்கால் பட்டு எஞ்சின் அணைந்ததைப் புகார்ப் பதிவாக ஏற்றிவிட்டார். அதுக்கு டிக்கெட் எண், பொறுப்பாளர், ஆலோசனைக் கூட்டம் எல்லாம் இருந்தது. சாவித் தலையில் நீளமான பிளவுக்குப் பதிலாகச் சின்ன ஓட்டை போட்டால் கொத்து அங்கும் இங்கும் ஆடாது என்று ஒரு யோசனை. சுவிட்சையே மாற்றலாம் என்று இன்னொரு யோசனை. அதற்குச் சுவிட்ச் ஒன்றுக்கு ஏறக்குறைய 90 சென்ட், கருவிகளுக்கு 4 லட்சம் டாலர் என்று கணக்கும் போட்டார்கள். 2005 மார்ச்சில் டிக்கெட் மூடப்பட்டது. எந்தத் தீர்வும் வணிக ரீதியாக ஏற்கத்தக்கதில்லை என்று காரணம் எழுதப்பட்டது.

அதை இப்போ படிக்கும்போது கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனா அந்த அறையில இருந்தவங்க தலைக்குள்ள என்ன ஓடிச்சுன்னு பார்க்கணும். எஞ்சின் அணைந்தாலும் ஸ்டீயரிங் திரும்பும், கொஞ்சம் பலம் கொடுத்தால் போதும். பிரேக்கும் பிடிக்கும். ஆகவே இது வாடிக்கையாளருக்கு அசௌகரியம், அவ்வளவுதான் என்று வகைப்படுத்தினார்கள். அந்த வகைக்குள் விழுந்துவிட்டால் செலவுக் கணக்குப் பார்க்கலாம். பாதுகாப்பு என்ற வகையில் விழுந்திருந்தால் கணக்கே பார்க்கக் கூடாது.

அவர்களுக்குத் தெரியாமல் போனது ஒன்று. அந்த வண்டிகளில் சாவி அக்சஸரிக்குப் போனால் ஏர்பேக் விரியாது. நின்றிருக்கும் வண்டியில் ஏர்பேக் அனாவசியமாக வெடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வடிவமைத்தது அதே நிறுவனத்தின் இன்னொரு குழு. இரண்டு குழுவும் அவரவர் கோணத்தில் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். சேர்த்துப் பார்க்க ஆளில்லை. சாவி திரும்புது, எஞ்சின் நிக்குது, ஸ்டீயரிங் கனமாகுது, பதற்றத்துல வண்டி எங்கேயோ போய் மோதுது, ஏர்பேக் வரலை. ஒரே சங்கிலி.

2005 டிசம்பரில் டீலர்களுக்கு ஒரு சர்வீஸ் அறிக்கை போனது. சாவிக்கொத்தில் கனமான பொருள்களைக் கழற்றச் சொல்லுங்கள், சாவிப் பிளவில் ஒரு செருகலைப் போட்டுக் கொடுங்கள் என்று. இந்த அறிக்கையில் எனக்கு மிகவும் உறுத்தியவை இரண்டு. முதலாவது, 'ஓடும்போது அணைந்துபோதல்' என்பதற்கான சொல்லை அதில் வேண்டுமென்றே தவிர்த்தார்கள். அந்தச் சொல் இருந்தால் அரசு அமைப்பின் கண்ணில் படும். ஆனால் வாடிக்கையாளர் வந்து அந்தச் சொல்லைத்தானே சொல்வார்? டீலரிடம் இருக்கும் மெக்கானிக் அந்தச் சொல்லைத் தேடினால் இந்த அறிக்கை வராது. தேடினா கிடைக்காத மாதிரி ஆவணத்தை எழுதறதுன்னா என்னன்னு எங்க துறையில எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாவது, அறிக்கையின் தலைப்பிலேயே கோளாறுக் குறியீடு எதுவும் பதிவாகாது என்று இருந்தது. இது ஏன் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இன்றைய வண்டி நின்றால் மெக்கானிக் முதலில் செய்வது ஸ்கேனரைச் செருகிக் குறியீடு பார்ப்பது. சென்சார் செத்தால், வயர் அறுந்தால், கம்ப்யூட்டர் அதை எழுதி வைத்திருக்கும். இங்கே கம்ப்யூட்டரின் பார்வையில் கோளாறே நடக்கவில்லை. யாரோ சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார்கள், அவ்வளவுதான். ஒழுங்கான ஷட்டவுன். கிராஷ் ஆன புரோகிராம் லாக் எழுதும். தானாக வெளியேறச் சொன்ன புரோகிராம் என்ன எழுதும்? 'சரி, போய் வருகிறேன்' என்றுதான்.

இப்போ 2010. ஜார்ஜியா மாநிலம். ஒரு இளம் செவிலியர், 2005 மாடல் கோபால்ட் வைத்திருந்தார். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்தது. எப்படியோ ஓரம் கட்டிவிட்டார். டீலரிடம் விட்டார். அங்கே எரிபொருள் செலுத்தும் அமைப்பைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். வண்டியை வாங்கிக்கொண்டு போனார். மார்ச் 10, அவருடைய 29-வது பிறந்தநாள். மழை ஈரமான சாலை. வண்டி மறுபடி அணைந்து, கட்டுப்பாடு இழந்து எதிர்ப்பக்கம் போய், இன்னொரு வண்டி மோதி அவர் இறந்துபோனார்.

பெட்ரோல் பக்கத்தைச் சுத்தம் பண்ணினாங்க. இங்கேதான் எனக்குப் பல்லாவரத்து அண்ணன் ஞாபகம் வரும். டக்குனு நின்னுச்சா, திக்கி நின்னுச்சா? அதைக் கேட்டிருந்தா சாவிப் பக்கம் போயிருக்கலாம். கேட்டாங்களான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா அந்த அறிக்கை வெளிவந்து அப்போ நாலு வருஷம் தாண்டியாச்சு.

ஈரச் சாலையில் வேகமாகப் போயிருப்பார் என்றுதான் முதலில் சொன்னார்கள். பெற்றோர் நம்பவில்லை. லான்ஸ் கூப்பர் என்ற வழக்கறிஞரிடம் போனார்கள். வண்டியின் கறுப்புப் பெட்டியைப் படித்ததில், மோதலுக்குச் சில விநாடிகளுக்கு முன்பே சாவி அக்சஸரி நிலையில் இருந்தது தெரிந்தது. வண்டி வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது யார் சாவியைத் திருப்புவார்கள்?

இதற்கு முன்னாடியே ஒருவர் இந்த முடிச்சை அவிழ்த்திருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2006 அக்டோபரில் விஸ்கான்சினில் ஒரு கோபால்ட் மோதி இரண்டு பெண்கள் இறந்தார்கள், இருவரும் பதின்ம வயது. விசாரித்த மாநில நெடுஞ்சாலைக் காவலர் 2007-ல் எழுதிய அறிக்கையில், சாவி அக்சஸரியில் இருந்ததையும், ஏர்பேக் விரியாததையும், மேலே சொன்ன சர்வீஸ் அறிக்கையையும் சேர்த்துப் போட்டிருந்தார். அந்த அறிக்கை ஜெனரல் மோட்டார்ஸின் கோப்புகளிலேயே கிடந்தது. காருக்கே சம்பந்தமில்லாத ஒரு காவலருக்குத் தெரிந்தது, காரைச் செய்தவர்களுக்குத் தெரிய இன்னும் ஏழு வருஷம் ஆனது.

ஏன் ஏழு வருஷம்? நான் இந்த எபிசோட் பண்ணினதே இந்தப் பகுதிக்காகத்தான்.

நிறுவனத்துக்குள் விசாரித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. விபத்துகளை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். ஒரு விசித்திரம் தெரிந்தது. ஏர்பேக் விரியாத புகார்கள் 2005, 2006, 2007 மாடல்களில் இருந்தன, 2008-லிருந்து இல்லை. 2012-ல் பழைய வண்டிகள் கிடக்கும் யார்டுக்குப் போய், மீன் எடை பார்க்கும் கைத்தராசை வைத்துச் சாவி திரும்பும் விசையை அளந்தார்கள். பழைய வண்டிகளில் குறைவு, புதியவற்றில் அதிகம். அப்படியானால் நடுவில் சுவிட்ச் மாறியிருக்க வேண்டும். பதிவேட்டைப் பார்த்தால் பாக எண் ஒன்றேதான். டிஜார்ஜியோவிடமே கேட்டார்கள். மாற்றம் எதுவும் இல்லை என்றார். எண் ஒன்று என்றால் பொருள் ஒன்று. அந்த நம்பிக்கையில்தான் எந்தப் பொறியாளரும் வேலை செய்கிறார். எனவே காரணத்தை வேறெங்கோ தேடிக்கொண்டே இருந்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தவர் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த மார்க் ஹூட். கூப்பர் அமர்த்திய பொறியாளர். இறந்தவரின் வண்டியிலிருந்து எடுத்த சுவிட்சைப் பிரித்தார், படமெடுத்தார், அளந்தார். ஏன் இவ்வளவு எளிதில் திரும்புகிறது என்று பிடிபடவில்லை. கடைசியில் ஒரு டீலரிடம் போய் ஏறக்குறைய 30 டாலருக்குப் புதுச் சுவிட்ச் ஒன்றை வாங்கினார். அதே பாக எண். பிரித்துப் பக்கத்தில் வைத்தார். புதியதில் முளை நீளம். வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவுதான், ஆனால் ஸ்பிரிங் அதனால் நன்றாக அழுந்தியிருந்தது. சாவியைத் திருப்பத் தேவையான விசையும் அதிகம்.

யாரோ சத்தமில்லாமல் சரிசெய்திருக்கிறார்கள். எண்ணை மாற்றாமல்.

2013 ஏப்ரலில் கூப்பர் டிஜார்ஜியோவைச் சத்தியப் பிரமாணத்தில் விசாரித்தார். இரண்டு சுவிட்சின் படத்தையும் காட்டினார். இப்படி ஒரு மாற்றத்துக்கு நான் ஒப்புதல் தந்ததே இல்லை என்றார் அவர். அந்த வருஷக் கடைசியில் டெல்ஃபை தன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தது. 2006 ஏப்ரல் தேதி. நீள முளைக்கு மாற ஒப்புதல். கீழே அவருடைய கையெழுத்து.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லைப்ரரியில் சின்ன பிழை ஒன்றைத் திருத்தினேன். வெர்ஷன் எண்ணை ஏற்றினால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள் என்று அதே எண்ணில் ஏற்றிவிட்டேன். ஒரு சர்வரில் பழையது, இன்னொன்றில் புதியது, இரண்டுக்கும் ஒரே பெயர். மூன்று பேர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து தேடினேன், என் வேலைதான் காரணம் என்று உறைக்கவே இல்லை. அதனால டிஜார்ஜியோ பொய் சொன்னாரா, நிஜமாவே மறந்துட்டாரான்னு என்னைக் கேட்டா என்னால தீர்ப்பு சொல்ல முடியலை. தனக்கு ஞாபகமில்லைன்னுதான் அவர் பிறகு சொன்னார்.

அடுத்து நடந்தது வேகமாக நடந்தது. 2014 ஜனவரியில் மேரி பாரா தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பிப்ரவரியில் முதல் அறிவிப்பு வந்தது, ஏறக்குறைய 7.8 லட்சம் கார்கள். அந்த மாதக் கடைசியிலேயே இன்னும் சில மாடல்கள் சேர்ந்தன. மார்ச் முடிவில் மொத்தம் 26 லட்சம். கடைசியாகச் சேர்ந்தவை 2008 முதல் 2011 வரையான வண்டிகள். இவற்றில் தொழிற்சாலையிலேயே நல்ல சுவிட்ச்தானே இருந்தது, இவற்றை ஏன் கூப்பிட்டார்கள்? பழைய சுவிட்சுகள் கடைகளில் உதிரிபாகமாக இருந்தன. ரிப்பேருக்கு வந்த புது வண்டியில் யாராவது பழைய சுவிட்சை மாட்டியிருக்கலாம். எதில் எது இருக்கிறது என்று எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் எல்லாவற்றையும் கூப்பிட வேண்டியதாயிற்று. எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு எண்ணை மாத்தாததோட விலை இது.

ஏப்ரலில் பாரா நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்தார். அறைக்குள் இறந்தவர்களின் குடும்பங்கள் இருந்தன. நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர் ஆன்டன் வாலுகாஸின் விசாரணை அறிக்கை ஜூனில் வெளியானது. அதில் இரண்டு பழக்கங்களைப் பற்றி வருகிறது. ஒன்று, கூட்டத்தில் எல்லாரும் ஒரு முடிவுக்குத் தலையாட்டிவிட்டு வெளியே போய் யாரும் எதுவும் செய்யாமல் இருப்பது. இன்னொன்று, கையைக் கட்டிக்கொண்டு விரலை அடுத்தவர் பக்கம் நீட்டுவது. இதுக்கு அவங்க ஊருக்குள்ளேயே செல்லப் பேர் இருந்திருக்கு. நம்ம ஊர் ஆபீஸ்களுக்கு இன்னும் பேர் வைக்கலை, அவ்வளவுதான். 15 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அரசு அமைப்பு விதித்த அபராதம் 3.5 கோடி டாலர், அப்போது சட்டம் அனுமதித்த உச்சம் அது. 2015 செப்டம்பரில் நீதித்துறையுடன் செய்துகொண்ட உடன்பாட்டில் 90 கோடி டாலர்.

இறந்தவர்கள் எண்ணிக்கை 13 என்றுதான் நிறுவனம் முதலில் சொன்னது. கென்னத் ஃபைன்பெர்க் தலைமையிலான இழப்பீட்டு நிதி ஒவ்வொரு மனுவாகப் பார்த்து முடித்தபோது 124 மரணங்கள் ஏற்கப்பட்டிருந்தன.

அந்த அரசு அமைப்பையும் விட்டுவிடக் கூடாது. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான அந்த அமைப்பு 2007-லேயே கோபால்ட்டின் ஏர்பேக்குகளை விசாரிக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டது. அவர்களிடமும் அந்தக் காவலரின் அறிக்கை இருந்தது. சாவி எந்த நிலையில் இருந்தால் ஏர்பேக் வேலை செய்யும் என்பது அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் சரியாகப் புரிந்திருக்கவில்லை.

புதுச் சுவிட்ச் கிடைக்கும்வரை என்ன செய்வது என்று வண்டிக்காரர்கள் கேட்டார்கள். நிறுவனம் சொன்ன பதில், சாவியைத் தனியாகப் போட்டு ஓட்டுங்கள், கொத்தில் வேறு எதுவும் வேண்டாம் என்பது. 2005 சர்வீஸ் அறிக்கையில் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். இந்த முறை அது தபாலில் வீடு வீடாகப் போனது.

ரெக்கார்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எங்க அப்பாவோட சாவிக்கொத்தைச் சமையலறைத் தராசுல வெச்சுப் பார்த்தேன். வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஆபீஸ் லாக்கர் சாவி, ஒரு பித்தளைப் பிள்ளையார் எல்லாம் சேர்த்து 190 கிராம். பிள்ளையாரைக் கழற்றச் சொன்னா அப்பா ஒத்துக்க மாட்டார். பேசிப் பார்க்கணும்.